முதல் நாளே பறக்க வேண்டும்: உள்ளரங்க மாதிரி விமானம் – வாசகர் கேள்வி பதில்

கூடத்துக்குள் பறக்கும் மாதிரி விமானங்களைப் பற்றி வந்த கடிதங்களில் பலவற்றிலும் ஒரே கவலைதான்: புதிதாக ஆள் சேர மாட்டேன் என்கிறது. சேர்ந்தாலும் நிலைப்பதில்லை. ஆகவே இந்த முறை அதையொட்டிய கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் குழு மாதம் ஒருமுறை விளையாட்டுக் கூடத்தில் ரப்பர் விசை (முறுக்கிய ரப்பரால் புரொபெல்லர் சுழலும்) விமானங்களைப் பறக்கவிடுகிறது. வேடிக்கை பார்க்க ஆட்கள் வருகிறார்கள், பிரமாதம் என்கிறார்கள். மறுமாதம் ஒருவரையும் காணோம். எங்கே தவறு? – ஒரு குழுவின் செயலர்

வந்தவர் கையில் விமானம் இல்லை. தவறு அங்கேதான் இருக்கிறது.

அனுபவசாலி ஒருவர் பெட்டியைத் திறந்து, மூச்சுக்காற்று பட்டால் நெளிகிற ஒன்றரை கிராம் விமானத்தை எடுக்கிறார். ‘தொடாதீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்கிறார். அது பத்து நிமிஷம் மிதக்கிறது. பார்ப்பவருக்கு வியப்பு வருகிறது. கூடவே ‘இது நமக்கு ஆகாது’ என்ற முடிவும் வந்துவிடுகிறது. உங்களுடைய மிகச் சிறந்த விமானம்தான் புதியவரை விரட்டுகிறது. முதல் நாள் அதைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

அதற்குப் பதிலாக இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் 10 நிமிஷம், அன்றைக்கு அவர்கள் செய்யப்போகிற அதே விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டுங்கள். அடுத்த 65, 70 நிமிஷம் செய்வதற்கு. மீதி முழுவதும் பறக்கவிட. மூன்று புதியவருக்கு ஒரு துணையாள் வேண்டும். நான்கு துணையாட்கள் இருந்தால் 12 பேர். அதற்கு மேல் சேர்க்காதீர்கள். பதின்மூன்றாவது ஆள் வந்தால் அடுத்த மாதத்துக்குப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். ஆசைக்கு இருபது பேரைச் சேர்த்துக்கொண்டால் எட்டுப் பேர் பறக்காத விமானத்தோடு வீடு போவார்கள். அவர்கள் திரும்பி வருவதில்லை.

முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை: குச்சிகளை அளவுக்கு நறுக்குவது, பின்கொக்கியை வளைத்து நூலால் கட்டுவது, புரொபெல்லரைப் பொருத்துவது, ரப்பரை அளந்து முடிச்சுப் போடுவது. அவர்களுக்கு விட்டுவிட வேண்டியவை: சட்டம் ஒட்டுவது, தாள் போர்த்துவது, இறக்கையைத் தண்டில் கட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக டிரிம் செய்வது. டிரிம் என்பது விமானம் நிதானமாக வட்டமிடும்படி சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்வது. இந்தப் பொழுதுபோக்கின் ருசியே அதில்தான் இருக்கிறது. அதைத் துணையாள் செய்து கொடுத்துவிட்டால் புதியவருக்குக் கிடைப்பது ஒரு பொம்மை. ‘மூக்கு தூக்குது பாருங்க, இறக்கையைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் பாருங்க’ என்று சொல்லலாம். தள்ளுகிற விரல் அவருடையதாக இருக்க வேண்டும்.

நேரம் எங்கே நழுவும் என்றால், பசை உலர்வதில். வெள்ளைப் பசை கையில் எடுக்கும் அளவுக்குப் பிடிக்க 20 முதல் 30 நிமிஷம் ஆகும். அதனால் சட்டத்தை முதலில் ஒட்டச் சொல்லிவிட்டு, அது காயும் நேரத்தில் விமானம் எப்படிப் பறக்கிறது, ரப்பரை எப்படி முறுக்குவது என்பதை விளக்குங்கள். பேச்சை முதலிலும் ஒட்டுவதைப் பிறகும் வைத்துக்கொண்டால், கூடத்தின் விளக்கை அணைக்கும்போது விமானங்கள் மேஜையிலேயே கிடக்கும்.

முதல் நாளுக்கு ஏற்ற விமானம் எது? அளவுகளோடு சொல்ல முடியுமா? – பள்ளி அறிவியல் ஆசிரியை

தாராளமாக. கீழே உள்ள அளவுகள் கொஞ்சம் கரடுமுரடான கைகளையும் தாங்கும்.

தண்டு: 6 மி.மீ. உயரம், 3 மி.மீ. தடிமன், 350 மி.மீ. நீளமுள்ள பால்சா (மிக லேசான மரம்). இறக்கை: 2 மி.மீ. சதுரக் குச்சியில் சட்டம். நீளம் 350, அகலம் 75 மி.மீ. முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நடுவே 71 மி.மீ. குறுக்குக் குச்சிகள் ஐந்து: இரு முனைகளில் இரண்டு, நடுவில் ஒன்று, இடையில் இரண்டு. படுக்கை வால்: 150க்கு 60 மி.மீ. நிமிர்ந்த வால்: 60க்கு 60. இரண்டும் அதே குச்சிதான். புரொபெல்லர்: 150 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக். புரொபெல்லர் கொக்கிக்கும் பின்கொக்கிக்கும் இடைவெளி 230 மி.மீ. ரப்பர்: 3 மி.மீ. அகலப் பட்டை 560 மி.மீ. வெட்டி முடிச்சுப் போட்டால் சுமார் 270 மி.மீ. வளையம் கிடைக்கும்.

தாள் போர்த்த மெல்லிய டிஷ்யூ தாள் போதும். மேல்பக்கம் மட்டும் போர்த்துங்கள். குச்சிப் பசையை விளிம்புக் குச்சிகளில் லேசாகத் தடவி, தாளைச் சுருக்கம் இல்லாமல் படுக்க வையுங்கள். பெரிய விமானங்களில் செய்வதுபோலத் தாள் இறுகட்டும் என்று தண்ணீர் தெளிக்காதீர்கள். இந்தச் சட்டத்தின் குச்சிக்கு அந்த இழுப்பைத் தாங்கும் வலு கிடையாது; காய்ந்ததும் அப்பளம்போல முறுக்கிக்கொள்ளும்.

தாள் ஒட்டிய பிறகு இறக்கையின் இரண்டு விளிம்புகளையும் நடுவில் அரைகுறையாகக் கீறி மடக்குங்கள். இரு முனைகளும் மேஜையிலிருந்து 40 மி.மீ. உயரத்தில் நிற்கும்படி அட்டைத் துண்டு முட்டுக் கொடுத்து, நடு மடிப்பில் பசை வையுங்கள். இந்த ‘வி’ வடிவம்தான் விமானம் ஒருபக்கம் சாய்ந்தால் தானாக நிமிர வைப்பது. அவசரத்தில் இதைத் தட்டையாக விட்டவரின் விமானம் முதல் சாய்விலேயே தரைக்கு வந்துவிடும்.

இறக்கையின் அடியில், நடுக்கோட்டில், 3 மி.மீ. சதுரத்தில் 90 மி.மீ. நீளக் குச்சி ஒன்றை ஒட்டுங்கள். முன்பக்கம் அதற்கும் இறக்கைக்கும் நடுவே 3 மி.மீ. துண்டு செருக வேண்டும். அதாவது முன்விளிம்பு பின்விளிம்பைவிட 3 மி.மீ. தூக்கலாக நிற்க வேண்டும். இந்தக் குச்சியைத் தண்டின் மேல் வைத்து இரண்டு சிறிய ரப்பர் வளையங்களால் கட்டுங்கள். ஒட்டவே கூடாது. இறக்கை முன்னும் பின்னும் நகர வேண்டும். டிரிம் முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது. ரப்பரையும் மாட்டிய பிறகு, இறக்கையின் அகலத்தில் சரிபாதியில், முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. அளவில் இரு விரல் நுனியில் தாங்கிப் பிடித்தால் விமானம் சமமாக நிற்கும்படி இறக்கையை நகர்த்தி வையுங்கள்.

எல்லாம் சேர்ந்து 8 முதல் 9 கிராம் இருக்கும். பாதி எடை புரொபெல்லர்தான். 12 கிராம் வந்தால் பசையைப் பாருங்கள். இருபது துளி நீர் ஒரு கிராம். வெள்ளைப் பசையில் ஏறக்குறையப் பாதி காய்ந்து போகும், பாதி விமானத்திலேயே தங்கும். பல்குச்சி முனையில் எடுத்து வைத்தால் போதும். ஒட்டிய இடத்தில் பசை முத்து முத்தாக நின்றால், காய்வதற்குள் துடைத்தெடுங்கள்.

பால்சாவைத் தேர்ந்தெடுக்கத் தராசு ஒன்றே வழி. 1000 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமனுள்ள பலகை 20 கிராம் இருந்தால் அது கன மீட்டருக்கு 100 கிலோ மரம், இறக்கைக்கு நல்லது. அதே நீள அகலத்தில் 3 மி.மீ. தடிமனுள்ள பலகை 50 கிராம் இருந்தால் தண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செய்து முடித்தாயிற்று. விட்டால் குத்துகிறது, இல்லையென்றால் எம்பி எம்பி விழுகிறது. புதியவர்கள் மனம் விட்டுப்போகிறார்கள். – துணையாளாக இருக்கும் கல்லூரி மாணவர்

மனம் விட்டுப்போகிற இடமும் இதுதான், பிடித்துப்போகிற இடமும் இதுதான். அவசரப்படாமல் வரிசையாகப் போக வேண்டும்.

முறுக்குவதற்கு முன் விமானத்தைப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். இரண்டு இறக்கையும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. இடது இறக்கையின் பின்விளிம்பு, முனைப்பக்கம் 2 மி.மீ. கீழே இறங்கியிருக்க வேண்டும். காரணம் இது: புரொபெல்லர் பின்னாலிருந்து பார்க்கையில் கடிகார முள் திசையில் சுழலும், அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கமாக உருட்டப் பார்க்கும். இடது இறக்கைக்குக் கொஞ்சம் கூடுதல் தூக்கல் கொடுத்தால் அந்த உருட்டல் அடங்கும். கூடத்தில் எல்லா விமானமும் இடப்பக்கமாகவே வட்டமிட வைப்பதும் இதனால்தான். எதிர்விசையோடு மல்லுக்கட்டாமல் அது இழுக்கிற பக்கமே வட்டத்தை வைத்துக்கொள்கிறோம். நிமிர்ந்த வாலின் பின்விளிம்பை 2 மி.மீ. இடப்பக்கம் திருப்புங்கள். படுக்கை வாலையும், பின்னாலிருந்து பார்க்கும்போது இடது முனை சற்று உயர்ந்திருக்கும்படி சாய்த்து ஒட்டலாம். அதுவும் இடப்பக்கம் திருப்பும்.

இப்போது 100 சுற்று. வலக்கையில் தண்டையும் இடக்கையில் புரொபெல்லரையும் பிடியுங்கள். புரொபெல்லரை முதலில் விடுங்கள். அரை நொடி கழித்து விமானத்தை விடுங்கள். எறியக் கூடாது. அது போகிற வேகத்தில் கையை முன்னால் கொண்டுபோய்ப் பிடியைத் தளர்த்தினால் போதும். புதியவர்கள் காகித அம்பு எறிந்த பழக்கத்தில் மேல்நோக்கி வீசுவார்கள். அப்படி வீசினால் விமானத்தின் உண்மையான குறை என்னவென்று யாராலும் சொல்ல முடியாது.

நன்றாகக் கவனியுங்கள். மூக்கு மெல்லத் தூக்குகிறது, விமானம் ஒரு கணம் காற்றில் தொங்குகிறது, தாள் படபடக்கிறது, அரை மீட்டர் பொத்தென்று இறங்கி வேகம் பிடித்து, மறுபடி மூக்கைத் தூக்குகிறது. படிக்கட்டில் ஏறி இறங்குவது மாதிரி இருக்கும். இது ஸ்டால். இறக்கையை 5 மி.மீ. பின்னால் தள்ளுங்கள். மாறாக நேரே தரையை நோக்கிப் போனால் இறக்கையை 5 மி.மீ. முன்னால் தள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம்தான். இறக்கையையும் வாலையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

100 சுற்றில் ஒழுங்காகப் பறந்து, 250 சுற்றில் மட்டும் ஆரம்பத்திலேயே ஸ்டால் ஆனால் இறக்கையைத் தொடாதீர்கள். குறை உந்துவிசையின் கோணத்தில் இருக்கிறது. புரொபெல்லரின் மூக்கை இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். தண்டுக்கும் புரொபெல்லர் தாங்கிக்கும் நடுவே, மேல்பக்கம் ஒரு அட்டைத் துணுக்கைச் செருகினால் ஆயிற்று. இந்த இரண்டு ஸ்டாலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பலர் நல்ல டிரிமைக் கெடுத்துக்கொள்கிறார்கள். விட்டவுடன் இடப்பக்கம் சுருண்டு குத்தினால் வாலின் திருப்பம் அதிகம் என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். அப்போதும் சுருண்டால் இடது இறக்கையின் பின்விளிம்பை இன்னும் 1 மி.மீ. இறக்குங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கொடுங்கள். எத்தனை சுற்று, எத்தனை நொடி, என்ன மாற்றினேன் என்று மூன்றே பத்திகள். ஆறாவது பறத்தலில் அந்தக் காகிதத்தைப் பார்த்து அவரே அடுத்த திருத்தத்தைச் சொல்லிவிடுவார்.

ரப்பர் அறுந்துகொண்டே இருக்கிறது. எத்தனை சுற்று முறுக்கலாம்?

உங்கள் ரப்பரையே கேளுங்கள். அதே கட்டிலிருந்து அதே அளவில் வெட்டிய ஒரு வளையத்தை, விமானத்தில் மாட்டாமல், அறும்வரை முறுக்கி எண்ணுங்கள். அதில் 80 சதவீதம்தான் உங்கள் எல்லை. 400இல் அறுந்தால் 320. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். அறும் ரப்பர் கண்ணைத்தான் தேடி வரும்.

பாதியிலேயே அறுவதற்கு மூன்று காரணங்கள். முதலாவது, எண்ணெய் போடாதது. ரப்பருக்கு சிலிக்கோன் எண்ணெய் ஒரு துளி விட்டு விரலால் உருவ வேண்டும். இயந்திர எண்ணெயோ வேறு பெட்ரோலிய எண்ணெயோ பட்டால் இயற்கை ரப்பர் ஊறிப்போய் வலுவிழக்கும். இரண்டாவது, கூர்மையான கொக்கி. கம்பியை வெட்டிய முனையை அரத்தால் தேய்க்காவிட்டால் அது ரப்பரைக் கீறும். கீறிய இடத்தில்தான் அறும். மூன்றாவது, நீட்டாமல் முறுக்குவது.

முறுக்கும் முறை இப்படி. பின்கொக்கியிலிருந்து ரப்பரைக் கழற்றி வைண்டரில் (கைப்பிடி சுற்றி ரப்பரை முறுக்கும் கருவி) மாட்டுங்கள். ஒருவர் புரொபெல்லரையும் தண்டின் முன்பகுதியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ரப்பரை நாலு மடங்கு நீளத்துக்கு இழுத்து நின்று, மொத்தச் சுற்றில் பாதியை அங்கேயே முறுக்க வேண்டும். மீதியை முறுக்க முறுக்க மெல்ல முன்னால் நடந்து வர வேண்டும். 15க்கு 1 வைண்டரில் 300 சுற்றுக்குக் கைப்பிடியை 20 தடவை சுற்றினால் போதும். வைண்டர் இல்லாமல் விரலால் 300 சுற்று சுற்றச் சொன்னால் குழந்தைகள் ஓடிவிடுவார்கள். மூன்று பேருக்கு ஒரு வைண்டராவது வையுங்கள்.

திசை முக்கியம். முதலில் 20 சுற்று முறுக்கிப் புரொபெல்லரை விட்டுப் பாருங்கள். காற்று வாலை நோக்கி அடிக்க வேண்டும். மூக்குப் பக்கம் அடித்தால் எதிர்த்திசையில் முறுக்கியிருக்கிறீர்கள். ‘எவ்வளவு முறுக்கினாலும் முன்னால போகவே மாட்டேங்குது’ என்று வருகிறவருக்குப் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

கூடம் எவ்வளவு உயரம் வேண்டும்? கிடைத்த கூடத்தில் விமானம் ஒரு மூலைக்கே போய் மோதுகிறது.

கூடைப்பந்து ஆடும் கூடம் போதும். சர்வதேச விதிப்படி ஆடுகளம் 28க்கு 15 மீட்டர், கூரையின் தடையில்லாத உயரம் குறைந்தது 7 மீட்டர். மேலே சொன்ன விமானத்துக்கு அது அரண்மனை. உலக அளவில் உள்ளரங்கச் சாதனைகளைக் கூரை உயரப்படிதான் பிரிக்கிறார்கள்: 8 மீட்டருக்குக் கீழ், 8 முதல் 15, 15 முதல் 30, அதற்கு மேல். ஆகவே தாழ்ந்த கூரை என்பது குறையே அல்ல. அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

மூலைக்குப் போவது காற்றோட்டத்தால். குளிர்சாதனத்தையும் விசிறிகளையும் அரை மணி முன்பே நிறுத்தி, கதவுகளைச் சாத்துங்கள். அதன் பிறகும் ஒரு மெல்லிய ஓட்டம் இருக்கும்; வெயில்படும் சுவரை ஒட்டிக் காற்று மேலே ஏறும், எதிர்ச்சுவரில் இறங்கும். சோப்புக் குமிழி ஊதிப் பாருங்கள். குமிழிகள் போகிற திசை தெரிந்துவிடும். அவை எங்கிருந்து வருகின்றனவோ அந்தப் பக்கத்துச் சுவருக்குச் சற்று உள்ளே நின்று விமானத்தை விட்டால், வட்டம் நகர்ந்து நகர்ந்து கூடத்தின் நடுவே போய் முடியும். கதவைத் திறந்து யாராவது உள்ளே வந்தாலும் காற்று கலையும். வாசலில் ஒருவரை நிறுத்தி, பறத்தல் முடிந்த பிறகு உள்ளே விடச் சொல்லுங்கள்.

கூரைக் கம்பியில் விமானம் சிக்கினால் பந்து எறியாதீர்கள். விமானமும் போகும், விளக்கும் போகும், அடுத்த மாதம் கூடமும் போகும். நீளமான மீன்பிடிக் கழியின் நுனியில் பஞ்சு சுற்றி மெல்லத் தள்ளலாம். உயரமான கூடங்களில் ஹீலியம் பலூனை நூலில் கட்டி ஏற்றி, அந்த நூலால் விமானத்தை விடுவிப்பார்கள். போட்டிகளில் சுவரை நெருங்கும் விமானத்தைத் திருப்பிவிடுவதும் இந்தப் பலூன் நூலால்தான்.

கூடத்தின் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்கப் போகும்போது விளக்க உரையை விட்டுவிட்டு ஒரு விமானத்தைக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வையுங்கள். எட்டு கிராம் எதையும் உடைக்காது, சத்தம் போடாது என்பது அவருக்கே புரிந்துவிடும். பசை வேலைக்கு மேஜை விரிப்பு உண்டு, தரையில் எதுவும் சிந்தாது என்பதையும் சொல்லிவையுங்கள். அவர் கவலையெல்லாம் தரையைப் பற்றித்தான் இருக்கும்.

எத்தனை வயதில் தொடங்கலாம்? – ஏழு வயதுப் பையனின் அம்மா

பத்து வயதில் தானே ஒட்டி, தானே பறக்கவிடலாம். அதற்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பிளேடு பெரியவர் கையில் மட்டும்.

ஏழு வயதுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. மெல்லிய தாளில் 170க்கு 45 மி.மீ. துண்டு வெட்டுங்கள். நீள விளிம்பு ஒன்றை அரை சென்டிமீட்டர் மேல்நோக்கியும் எதிர்விளிம்பைக் கீழ்நோக்கியும் மடித்து, குறுகிய இரு ஓரங்களையும் செங்குத்தாக நிறுத்துங்கள். உயரத்திலிருந்து விட்டால் அது தன்னைத்தானே உருட்டிக்கொண்டே முன்னேறும். பின்னாலேயே அகலமான ஓர் அட்டையைச் சாய்த்துப் பிடித்து நடந்தால், அட்டையில் மோதி மேலே ஏறும் காற்று அதைத் தாங்கும். அட்டையை இடமோ வலமோ திருப்பினால் அதுவும் திரும்பும். வீட்டுக் கூடமே போதும். ஓடாமல், ஒரே சீராக நடப்பதுதான் சூட்சுமம்.

இன்றைய பிள்ளைகள் ரிமோட்டைத்தான் கேட்கிறார்கள். ரப்பரைக் கட்டிக்கொண்டு அழுதால் யார் வருவார்கள்?

கேட்பவர்களுக்கு ரிமோட்டும் கொடுக்கலாம். ஆனால் தொடக்கம் ரப்பராக இருப்பதே நல்லது. ரிமோட் விமானம் கோணலாகப் பறந்தால் கையால் திருத்திக்கொண்டே இருக்கலாம், அதனால் ஏன் கோணலாகப் போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. ரப்பர் விமானத்தைக் கையைவிட்டு அனுப்பிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. எல்லாவற்றையும் முன்பே யோசித்திருக்க வேண்டும். இதில் பழகியவர் ரிமோட்டுக்குப் போனால் நன்றாகவே ஓட்டுவார்.

ரிமோட் வைப்பதாக இருந்தால் 30 கிராமுக்குள் இருக்கும் விமானங்கள் பொருத்தம். இவை 3.7 வோல்ட் ஒற்றைச் செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஓடும். 150 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை 0.15 ஆம்பியரில் ஏற்றுங்கள், 4.2 வோல்ட்டில் நிறுத்துங்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். உப்பிய பேட்டரியை மறுபடி ஏற்றவே கூடாது. ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

ரப்பரையும் ரிமோட்டையும் ஒரே நேரத்தில் பறக்கவிடாதீர்கள். 20 நிமிஷம் இது, 20 நிமிஷம் அது என்று பிரியுங்கள். ரிமோட் விமானத்தின் புரொபெல்லர் கிளப்பும் காற்றே ஒரு மெல்லிய ரப்பர் விமானத்தைக் கவிழ்த்துவிடும். இந்த ஒழுங்கு இல்லாத குழுக்களில் இரு தரப்பும் முகம் சுளித்துக்கொள்வதைப் புதியவர் முதல் நாளே பார்த்துவிடுகிறார்.

பெரியவர்கள் ‘சின்னப் பிள்ளை விளையாட்டு’ என்று ஒதுங்குகிறார்கள். என்ன சொல்வது?

1871 ஆகஸ்டில் பாரிஸின் தூய்லரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர் முறுக்கிய ரப்பரில் ஓடும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். 11 நொடியில் ஏறக்குறைய 40 மீட்டர் போனது. தானாகவே நிலைபெற்றுப் பறந்த விமானம் அது. ரைட் சகோதரர்கள் 1903இல் பறப்பதற்கு 32 ஆண்டுகள் முன்பு. அந்தச் சகோதரர்களும் சிறுவயதில், 1878இல், அப்பா வாங்கி வந்த ரப்பர் விசை ஹெலிகாப்டர் பொம்மையில்தான் பறக்கும் ஆசை பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் பெனோவின் வடிவமைப்பை ஒட்டியதே.

இன்றைய உச்சம் எஃப்1டி என்ற உலகப் போட்டிப் பிரிவு. இறக்கை நீளம் அதிகபட்சம் 550 மி.மீ., விமானத்தின் எடை குறைந்தபட்சம் 1.4 கிராம், ரப்பர் அதிகபட்சம் 0.4 கிராம். சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம். அதில் நாலில் ஒரு பங்கைக் கிழித்துக் கையில் வைத்தால் 1.25 கிராம். கிட்டத்தட்ட அவ்வளவு எடையில் அரை மீட்டர் இறக்கை! நொடிக்கு அரை மீட்டர் அளவில் நகர்ந்து, உயரமான கூடங்களில் ஏறக்குறைய அரை மணி நேரம் காற்றிலேயே இருக்கிறது. ருமேனியாவின் ஸ்லானிக் உப்புச் சுரங்கத்துக்குள் உலகப் போட்டிகள் நடந்திருக்கின்றன; பூமிக்கடியில் அந்தக் காற்று அவ்வளவு அசைவற்றது.

பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் அவர்களின் விமானம் ஒருமுறை பறந்த பிறகு சொல்லுங்கள். ஏ4 தாளைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னால் இன்னும் நன்றாகப் பதியும்.

இரண்டாவது மாதமும் வரவைக்க என்ன செய்யலாம்?

ஓர் இலக்கோடு வீட்டுக்கு அனுப்புங்கள். முதல் விமானம் நன்றாக டிரிம் ஆனால் 30 நொடி பறக்கும். ‘அடுத்த முறை 45’ என்று அவருடைய காகிதத்திலேயே எழுதிக் கொடுங்கள். அதற்கு வீட்டில் செய்யக்கூடிய வேலை ஒன்றையும் சொல்லுங்கள்: புரொபெல்லர் இலைகளின் பின்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து அரை கிராம் குறைப்பது, அல்லது 2.5 மி.மீ. ரப்பரில் நீளமான வளையம் ஒன்று செய்து பார்ப்பது. மூக்கில் எடை குறைந்தால் சமநிலை பின்னால் நகரும், இறக்கையை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

போட்டி வைப்பதாக இருந்தால் மிக நீண்ட நேரம் பறந்தவருக்குப் பரிசு என்று வைக்காதீர்கள். பழையவரே எப்போதும் ஜெயிப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் விட்டு, கடைசியில் தரை தொடுவது யாருடையது என்று பார்ப்பது கலகலப்பானது. அல்லது சரியாக 20 நொடிக்கு யார் நெருக்கமாக வருகிறார் என்று வையுங்கள். சுற்றைக் கணக்குப் பண்ணி முறுக்கத் தெரிந்த பத்து வயதுப் பெண்ணும் அதில் முதலாவதாக வரலாம்.

மூன்று நான்கு மாதம் கழித்து அடுத்த படிக்கு அழையுங்கள். 18 அங்குல இறக்கையும் குறைந்தது 3.1 கிராம் எடையும் கொண்ட பென்னிபிளேன் பொருத்தமானது. பென்னி என்ற பழைய அமெரிக்க செம்பு நாணயத்தின் எடை என்பதால் அந்தப் பெயர். அது நிமிஷக் கணக்கில் பறக்கும். அதைச் செய்ய உட்கார்ந்தவரை நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை. அவரே உங்களைக் கூப்பிடுவார்.

வீடு போய்ச் சேர்வதற்குள் உடைந்துவிடுகிறது. – ஏமாற்றத்தோடு ஒரு மாணவி

அது குழுவின் குற்றம், உங்களுடையது அல்ல. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டைப் பெட்டி கொடுத்திருக்க வேண்டும்: 400க்கு 170க்கு 100 மி.மீ. இறக்கையைத் தண்டிலிருந்து கழற்றி, பெட்டியின் மூடியில் காகித நாடா கொண்டு இரண்டு இடத்தில் லேசாகப் பிடிக்க வையுங்கள். தண்டைப் பெட்டியின் அடியில் இரண்டு நுரைத் துண்டுகளில் பள்ளம் வெட்டிச் செருகுங்கள். ரப்பரைக் கழற்றி, வெளிச்சம் படாத சிறு பையில் போடுங்கள். மாட்டியபடியே விட்டால் தண்டு வளையும்.

உடைந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். குச்சி முறிந்திருந்தால் முறிந்த முனைகளைப் பசையோடு பொருத்தி, பக்கவாட்டில் 20 மி.மீ. நீளச் சிம்பு ஒன்றை அணைத்து ஒட்டுங்கள். தாள் கிழிந்திருந்தால் கிழிசலைவிட 5 மி.மீ. பெரிய ஒட்டு போதும். ஒட்டிய பக்கம் கால் கிராம்கூட ஏறாது. ஆனாலும் அடுத்த முறை 100 சுற்றிலிருந்தே தொடங்குங்கள்; இறக்கையின் பழைய இடத்தைத் தண்டில் பென்சிலால் குறித்து வைத்திருந்தால் மூன்றாவது பறத்தலிலேயே பழைய நொடிகள் திரும்பக் கிடைத்துவிடும்.